ராக்கெட் முதலாளிக்கு நான் எழுதிய வசவுகள்

வைவது சுலபமான தொழில் என்று நினைக்கிறவர்கள் ஒரு நாளாவது கூலிக்கு வைது பார்க்க வேண்டும்.

நான் சும்மா வைது பழகியவன். சிவகாசி வட்டாரத்தில் பட்டாசுத் தொழிலாளர் சங்கத்துக்காக நாற்பது வருடம் தெருமுனைகளில் மைக் பிடித்தேன். பள்ளிக்கூடம் எனக்கு ஐந்தாம் வகுப்போடு முடிந்தது. பிறகு படித்ததெல்லாம் துண்டுப்பிரசுரம். அச்சாபீசில் காகிதம் அடுக்குகிற வேலையில் இருந்தபோது எந்தக் கட்சியின் நோட்டீஸ் அச்சானாலும் மை காயும் முன்பே வாசித்துவிடுவேன். அந்தத் தமிழை வைத்துக்கொண்டுதான் முதலாளிகளை வைதேன், சிறைக்கும் போனேன். எவனிடமும் கைநீட்டாத அந்த நாக்கை ஒரு தொலைக்காட்சி வாடகைக்கு எடுத்தது. போன சீசனில் நடந்த கதை. யாருக்கும் எதுவும் ஆகவில்லை, நல்லபடியாக முடிந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நிம்மதியில்தான் எழுதவே உட்கார்ந்தேன். மைக் பிடித்துத் தொண்டையைக் கெடுத்துக்கொண்ட என் இனத்தாரே, மற்றவர்கள் சிரிக்கட்டும். உங்களுக்குத்தான் இதன் வலி தெரியும்.

ஆள் எடுத்த விதம்

ஒரு மத்தியானம் சங்க அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தார். நாற்பது வயது இருக்கும். பெயர் நிவேதிதா, சென்னைத் தொலைக்காட்சி ஒன்றில் இயக்குநர். அவர் கையில் இருந்த போனுக்குள் நான் கத்திக்கொண்டிருந்தேன். ஆனைக்குட்டம் போகிற ரோட்டில் நான் பேசிய கூட்டத்தை எவனோ படமெடுத்து ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறான். "ராக்கெட்டில் பறக்கிற முதலாளியே, உம்முடைய தொழிலாளி கீழே பஸ்ஸுக்கு நிற்கிறாள், கொஞ்சம் ஏற்றிக்கொண்டு போம்!" என்கிறேன். கூட்டம் சிரிக்கிறது.

அந்த முதலாளியைத் தெரியாதவர் எங்கள் பக்கம் கிடையாது. தன் பட்டாசுக்குத் தானே விளம்பரத்தில் நடிக்கிறவர். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, அட்டையில் செய்த ராக்கெட்டின் மேல் உட்கார்ந்து மேகத்துக்குள் பறப்பார். தீபாவளி நெருங்கினால் டிவியைத் திறந்த உடன் அவர்தான் வருவார். சினிமா நடிகர்களோடு படம் எடுத்துக்கொள்ளும் சனம் அவரோடும் எடுத்துக்கொள்ளும். ராக்கெட் முதலாளி என்றால்தான் விலாசமே தெரியும்.

நிவேதிதா விஷயத்தை விளக்கினார். பிரபலமான ஒருவரை நடுமேடையில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். நாலு பேர் சுற்றி நின்று அவரை வைவார்கள். அவர் சிரிக்க வேண்டும். கோபப்பட்டால் தோற்றுப்போனார். இதற்கு ரோஸ்ட் என்று பேர். எங்கள் மாவட்டத்தில் இரண்டு நிகழ்ச்சி எடுக்கிறார்கள். முதலில் ஒரு சிரிப்பு நடிகர், அடுத்து ராக்கெட் முதலாளி. வசவு எழுதவும் மேடையில் வையவும் நான் வேண்டுமாம். "நான் இத்தனை காலம் உண்மையாகவே வைதுகொண்டிருக்கிறேனே, அதற்கு எதற்கு ஒரு நாற்காலி?" என்று கேட்டேன். அந்த அம்மாள் சங்கடமாகச் சிரித்தார்.

"அதான் சார் பிரச்சினையே. நீங்க உண்மையாத் திட்டுறீங்க. எங்களுக்குக் கொஞ்சம் பொய்யாத் திட்டணும்."

சம்மதித்த காரணம்

முடியாது என்று சொல்லியனுப்பத்தான் இருந்தேன். அன்று சாயங்காலம் சுப்புத்தாய் வந்தாள். எங்கள் சங்கத்தில் சந்தா கட்டுகிறவள், கட்டிய சந்தாவுக்கு மேல் என்னைக் கேள்வி கேட்கிறவள். ராக்கெட் முதலாளியின் கம்பெனியில் பூச்சட்டி என்று நாங்கள் சொல்லும் புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்துகிறாள். அந்த வேலை நடக்கிற அறை ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் வாசல் இருக்கும். ஏதாவது ஒன்று ஆகிப்போனால் எந்தப் பக்கமும் ஓடலாம் என்பதற்காக. சீசன் வந்தால் சரக்கு வைக்கிற கிட்டங்கி நிறைந்துவிடும். நிறைந்ததும் சரக்குப் பொட்டிகள் பின்வாசலில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சுப்புத்தாயும் இன்னும் மூன்று பெண்களும் இருந்த அறையில் பின்வாசல் இருக்கிற இடமே தெரியவில்லை.

மனு கொடுத்தோம். அதிகாரி வருகிற நாளில் வாசல் வெளிச்சம் பார்த்தது, மறுநாள் மறுபடி இருட்டானது. போர்மேன் குருசாமியிடம் கேட்டால், "ஆர்டர் முடியட்டும்" என்பார். தெருமுனையில் நான் தொண்டை கிழியக் கத்தினேன். அந்த வழியாகக் காரில் போன ராக்கெட் முதலாளி கண்ணாடியை இறக்கி எனக்குக் கும்பிடு போட்டார். இப்போது அவரையே எதிரில் உட்கார வைத்து நான் பேசலாம், அவர் எழுந்து போக முடியாது, ஊரே பார்க்கும் என்று சுப்புத்தாயிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் பெருமைக்கு மயங்கவில்லை.

"நீங்க அவுகள வையிங்க, வையாமப் போங்க தோழர். அந்தப் பொட்டிய மட்டும் எடுக்கச் சொல்லுங்க. வேல பாக்கையில முதுகு குறுகுறுன்னே இருக்கு."

வசவு எழுதும் அறை

சிவகாசியில் ஒரு லாட்ஜில் ஏசி போட்ட அறையில் உட்கார்ந்து வசவு தயாரித்தோம். நானும், சென்னையிலிருந்து வந்த இரண்டு எழுத்தாளர்களும். அவர்கள் முதல் நாளே முதலாளியின் வழுக்கை, தொப்பை, சம்சாரம், சம்சாரத்தின் நகை என்று ஒவ்வொன்றாக ஆரம்பித்தார்கள். நான் தடுத்தேன். எங்கள் மேடைக்கு ஒரு சட்டம் உண்டு. ஆளின் உடம்பைத் தொடமாட்டோம், வீட்டுப் பெண்களைத் தொடமாட்டோம், சாதியைத் தொடமாட்டோம். இதையெல்லாம் கழித்துவிட்டு ஒரு மனிதனை ஒரு மணி நேரம் வைய முடிந்தால்தான் அவன் பேச்சாளன். "இதையெல்லாம் கழிச்சா அவர்ட்ட என்ன சார் மிச்சம் இருக்கு?" என்று ஒருவர் கேட்டார். "கம்பெனி இருக்கே" என்றேன்.

என் பங்கை எழுதி, எழுந்து நின்று, கையை உயர்த்தி வாசித்தேன். 'உழைப்பவர் குருதியை உறிஞ்சிக் கொழுத்த உல்லாச ராக்கெட்டே' என்று தொடங்கும். வெம்பக்கோட்டையிலும் சாத்தூரிலும் கைத்தட்டல் வாங்கிய வரி. லாட்ஜ் அறையில் ஒரு கையும் தட்டவில்லை. எழுத்தாளர்கள் இருவரும் மரியாதையாகத் தரையைப் பார்த்தார்கள். என்னை 'சார்' என்று கூப்பிட வேண்டாம், 'தோழர்' போதும் என்று நான் சொல்லியிருந்ததால் நிவேதிதா இரண்டையும் சேர்த்துவிட்டிருந்தார்.

"தோழர் சார், இது வசவு இல்ல. கோரிக்கை மனு."

சொல்லக்கூடாத வசவு

முதல் நிகழ்ச்சி விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தில். நாற்காலியில் உட்கார்ந்தவர் சாத்தூர்ப் பக்கத்திலிருந்து சினிமாவுக்குப் போன சிரிப்பு நடிகர். எதிரே இருந்தவர்கள் எல்லாரும் தீப்பெட்டி, பட்டாசு வேலை பார்க்கிற சனம். சென்னைக்காரர் ஒருவர் மேடை ஏறி, பட்டாசு ஊர் என்பதால் பட்டாசு ஜோக் சொன்னால் எடுபடும் என்று நினைத்துவிட்டார் பாவம். "உங்க அடுத்த படம் வந்தா தியேட்டரே வெடிச்சுச் சிதறும்!" என்றார். ஒரு சத்தம் இல்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அது சிரிப்பை அடக்குவதற்காக அல்ல என்பது அவருக்குப் புரியவில்லை. சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து இன்னொரு முறை சத்தமாகச் சொன்னார்.

எங்கள் பக்கம் குழாயடியில் சண்டை போடுகிற பெண்கள் ஒருத்தியின் மூன்று தலைமுறையை இழுத்து வைவார்கள். ஆனால் சென்னைக்காரர் சொன்ன அந்த ஒரு சொல்லை எடுக்கமாட்டார்கள். எதிரி வீட்டுப் பிள்ளை ஒரு அறையில் மருந்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும், அடுத்த அறையில் தன் பிள்ளை உட்கார்ந்திருக்கும். வாய் தவறி வந்தால்கூட, அப்போதே தன் கன்னத்தில் தானே போட்டுக்கொள்வார்கள். இதை நான் மேடைக்கு ஓடிப்போய்ச் சொல்வதற்குள் வசவு வாங்க வந்த நடிகரே நாற்காலியை விட்டு எழுந்தார். அந்தச் சென்னைக்காரரின் தோளில் கைபோட்டு, மைக்கை மூடிக்கொண்டு சொன்னது எனக்கு மட்டும் கேட்டது.

"தம்பி, இந்த ஊர்ல மருந்து காயாம மழை பெய்யணும்னு வையி, ஆர்டர் வராமப் போகட்டும்னு வையி, எம்புட்டுனாலும் வையி. அத மட்டும் சொல்லாதப்பா."

முதலாளியின் விருப்பம்

இரண்டாவது நிகழ்ச்சிக்கு முன்னால் ராக்கெட் முதலாளி ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டார். தன்னை எப்படி வையப்போகிறேன் என்று கேட்டுவிட வேண்டுமாம். எந்த வீட்டு வாசலில் உட்கார்ந்து நான் கோஷம் போட்டேனோ அதே வீட்டுச் சோபாவில் உட்கார்ந்தேன். காப்பி வந்தது, முறுக்கு வந்தது. நான் ஒவ்வொரு வசவாக வாசிக்க அவர் தொடையைத் தட்டி ரசித்தார். "'கொள்ளைக்காரர்'னு ஒரு தடவதான் வருது அண்ணாச்சி, இன்னொரு எடத்துலயும் போடுங்க" என்றார். தன் கறுப்புக் கண்ணாடியைப் பற்றி ஒன்றுமே இல்லையே என்று குறைப்பட்டார். வாழ்நாளில் எனக்கு இப்படி ஒரு ரசிகர் வாய்த்ததில்லை.

கடைசியாக, பின்வாசலை அடைத்த பொட்டிகளைப் பற்றிய வசவை வாசித்தேன். அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. "இதுல சிரிப்பு இல்லையே அண்ணாச்சி. இத விட்ருவோம்" என்று முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தினார். நான் வாதாடினேன். "சீசன் முடியவும் நானே எடுக்கச் சொல்லிருவேன்" என்றார். சீசன் முடிந்தால் பொட்டியும் இருக்காது, ஆளும் இருக்காது. அந்த வசவை எடுத்துவிட்டால்தான் தான் நாற்காலியில் உட்காருவேன் என்று தொலைக்காட்சிக்காரர்களுக்கும் சொல்லிவிட்டார். வாசல் வரை வந்து வழியனுப்பியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் கேட்டார்.

"திருடன்னு சொல்லுங்க, கொள்ளைக்காரன்னு சொல்லுங்க, சந்தோசமாக் கேட்டுக்கிடுதேன். என் சரக்கப் பத்தி மட்டும் ஒரு வார்த்த வந்துறக் கூடாது அண்ணாச்சி. வெளியூர் வியாபாரிகள்லாம் வந்து உக்காந்திருப்பாக."

சுப்புத்தாயின் சந்தேகம்

அவளிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று இரண்டு நாள் சந்திக்காமல் ஒளிந்தேன். அவளே பஸ் ஸ்டாண்டில் பிடித்துவிட்டாள். பின்வாசல் வசவு போய்விட்டது என்றேன். என்னென்ன இருக்கிறது என்று கேட்டாள். வாசித்துக் காட்டினேன். குருதியை உறிஞ்சும் உல்லாச ராக்கெட்டையும் விடவில்லை. பஸ்ஸுக்கு நின்ற நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். சுப்புத்தாய் காதில் விரலை விட்டுக் குடைந்தாள். "அப்ப எதத்தான் சொல்லக் கூடாதாம்?" என்றாள். பொட்டியைச் சொல்லக் கூடாது, சரக்கைச் சொல்லக் கூடாது என்றேன். "அந்தச் சேருல உக்காந்தா கோவப்படவே கூடாதாமே, நெசமா தோழர்?" என்றாள். நெசம்தான், கோபப்பட்டால் தோற்ற மாதிரி என்று விளக்கினேன். அவள் ஏன் கேட்கிறாள் என்று யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. சொற்பொழிவு செய்கிறவனுக்குக் கேள்வி கேட்டால் விடை சொல்லத்தான் தெரியும்.

என்னால் முடிந்த ஒன்றைச் செய்தேன். பார்வையாளர்களில் ஒருவரிடம் மைக் கொடுத்து ஒரே ஒரு வசவு வையச் சொல்லும் பகுதி அதில் உண்டு. அதற்குச் சுப்புத்தாய் பேரைக் கொடுத்தேன். அவளுக்கு ஒரு வரி எழுதியும் கொடுத்தேன்: 'முதலாளி, ராக்கெட்டில் போகும்போது ஹெல்மெட் போட்டீர்களா?' முதலாளி அனுமதித்த வரி. அதையாவது அவள் வாயால் சொல்லட்டும், ஒரு தொழிலாளி முதலாளியை நேருக்கு நேர் கேட்ட மாதிரி இருக்கட்டும் என்று நினைத்தேன். அவள் அந்த வரியைக் கேட்டுவிட்டுப் பஸ்ஸில் ஏறி, படியில் நின்று திரும்பினாள்.

"இதுக்கு வசவுன்னா பேரு? எங்க தெருவுல கோழிய இத விட நல்லா வெரட்டுவோம்."

சிரிக்க வந்தவர்கள்

சனிக்கிழமை மத்தியானம் கம்பெனி வேலையை நிறுத்தி, கம்பெனி பஸ்ஸிலேயே தொழிலாளர்களைச் சிவகாசி மண்டபத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். இறங்கியவர்கள் செருப்பை வெளியே வரிசையாகக் கழற்றி விட்டார்கள். உள்ளே நுழையும்போது ஒவ்வொருவரும் வாசலில் இருந்த இரும்புக் கேட்டில் உள்ளங்கையை ஒரு நொடி வைத்துவிட்டுப் போனார்கள். கம்பெனியில் மருந்து அறை வாசலில் செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உடம்பில் இருக்கிற மின்சாரம் மண்ணில் இறங்குவதற்காக அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தொட்டுத் தொட்டுப் பழகிய கை, மண்டபம் என்றாலும் தேடுகிறது. "ஏன் தோழர் சார் எல்லாரும் கேட்டைத் தொட்டுக் கும்பிடுறாங்க?" என்றார் நிவேதிதா. நான் காரணத்தைச் சொன்னேன்.

பிறகு அவர் மண்டபத்தைச் சுற்றி வந்தார். பின்வாசலை அடைத்து, வியாபாரிகளுக்குக் கொடுப்பதற்காக முதலாளி அனுப்பிய பரிசுப் பொட்டிகள் அடுக்கியிருந்தன. நிவேதிதா சத்தம் போட்டார். "இவ்வளவு லைட்டு, இவ்வளவு ஒயரு. ரெண்டு வாசலும் திறந்திருக்கணும். பொட்டியெல்லாம் எடுங்க." குருசாமி போர்மேனே ஆள் வைத்துப் பொட்டியைத் தூக்கி வெளியே போட்டார். காற்று வந்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த சுப்புத்தாய் கழுத்தைத் திருப்பி அந்தப் பொட்டிகள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்ததும் குருசாமி முன்னால் வந்து நின்று தொழிலாளர்களுக்கு உத்தரவு போட்டார்.

"எல்லாரும் நல்லாச் சிரிக்கணும். யார் யார் சிரிக்கலைன்னு நான் பாத்துக்கிட்டேதான் இருப்பேன்."

இரண்டு வாசல்

நிகழ்ச்சி தொடங்கியது. ராக்கெட் முதலாளி கறுப்புக் கண்ணாடியோடு நாற்காலியில் உட்கார்ந்தார். முன்வரிசை முழுக்க வெளியூர் வியாபாரிகள். நான் போய் வைதேன். கொள்ளைக்காரர் இரண்டு இடத்தில் வந்தது. முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். தொழிலாளர்கள் குருசாமியின் முகத்தைப் பார்த்து, அவர் சிரித்ததும் சிரித்தார்கள். என் வாழ்க்கையில் எந்தக் கூட்டத்திலும் இப்படித் தோற்றதில்லை. கல்லெறி வாங்கிய கூட்டத்தில்கூட.

மைக் சுப்புத்தாயிடம் போனது. எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். ஹெல்மெட் வரி வரும் என்று நான் காத்திருந்தேன். அவள் முன்வாசலைப் பார்த்தாள், பின்வாசலைப் பார்த்தாள். "மொதலாளி, இங்கன ஒங்கள வையிறதுக்கே ரெண்டு வாசல் வேணும்னு பொட்டிய எடுக்கச் சொல்லிட்டாக. எங்க பூச்சட்டி ரூம்ல ஒரு வாசல் போதும்னு வச்சிருக்கீக. அம்புட்டுக்கா நமத்துப்போன மருந்து ஒங்க மருந்து?"

நான் தண்ணீர் பாட்டிலைத் தேடினேன். நாங்கள் சொல்ல அஞ்சுகிற சொல் ஒன்றுகூட அதில் இல்லை. பொட்டி இருந்தது, வாசல் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலே சரக்கு இருந்தது. முன்வரிசையில் ஒரு வியாபாரி தன்னை மறந்து சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். அப்புறம் பின்வரிசைகளில் குருசாமியைப் பார்க்காமல், ஒருத்தியும் வாயைப் பொத்தாமல் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. முகம் கறுத்து, நாற்காலியின் கைப்பிடியை அழுத்திப் பாதி எழுந்தார். கேமரா அவர் முகத்துக்கு நேரே வந்தது. அவருக்கு விதி ஞாபகம் வந்திருக்க வேண்டும். அப்படியே உட்கார்ந்தார். "ஏத்தா, யாரு சொன்னா நமத்த மருந்துன்னு? என் சரக்குக்கு ரெண்டு வாசல் காணாது, நாலு வாசல் வேணும்!" என்று வியாபாரிகளைப் பார்த்துச் சொன்னார். "நாளைக்குக் காலைல மொத வேலையாப் பொட்டிய எடுக்கச் சொல்லுதேன்!" என்றார். சுப்புத்தாய் மைக்கைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

"நாளைக்கு ஞாயித்துக்கெழம, மொதலாளி."

திங்கட்கிழமை

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் எப்படிக் கழித்தேன் என்பதை மைக் பிடித்த என் இனத்தாருக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாம் பேசினால் நம்மைப் பிடித்துக்கொண்டு போவார்கள், அது பழகிய விஷயம். நாம் மைக்கைக் கொடுத்த ஒருத்திக்கு வேலை போனால் அந்தச் சோறு நம் தொண்டையில் அல்லவா நிற்கும். மண்டபத்தில் நிகழ்ச்சி முடிந்ததும் முதலாளி குருசாமியைக் கூப்பிட்டு ஏதோ காதில் சொன்னதைப் பார்த்தேன். பொட்டியைப் பற்றியா, அவளைப் பற்றியா என்று தெரியவில்லை. நிவேதிதாவுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "அந்தம்மா கேட்டதைக் கட் பண்ணச் சொல்லி முதலாளி இன்னும் கேக்கலை சார். கேட்டா, கோபப்பட்டுட்டார்னு ஆகிடும்ல?" என்றார்.

திங்கள் சாயங்காலம் கம்பெனி பஸ் வந்து நிற்கிற இடத்தில் போய் நின்றேன். பஸ் வந்தது. ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். கையெல்லாம் மருந்தின் வெள்ளிப் பூச்சோடு சுப்புத்தாய் கடைசியாக இறங்கினாள். வேலைக்குப் போயிருக்கிறாள் என்பது அந்தக் கையைப் பார்த்ததுமே தெரிந்தது. பக்கத்தில் இருந்த மைல்கல்லில் உட்கார்ந்துவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலமே குருசாமி போய்ப் பொட்டிகளை எடுத்துவிட்டாராம். அவர்கள் அறையில் மட்டும் எடுத்தால் நன்றாக இருக்காது என்று எல்லா அறையிலும் எடுத்துவிட்டாராம். "அப்புறம் என்ன சொன்னாரு போர்மேன்?" என்றேன். "அவரு ஒண்ணும் சொல்லல, நாந்தான் சொன்னேன்" என்றாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"'காத்து வருதுண்ணே'ன்னு சொன்னேன். அம்புட்டு நாளும் இந்தக் காத்து பொட்டிக்கு அங்கனயேதான் நின்னுருக்கு, தோழர்."

புது விளம்பரம்

பொட்டி மறுபடி ஏறிவிடும் என்றுதான் நான் நம்பினேன். எடுத்ததைத் திருப்பி வைக்காத முதலாளியை நான் பார்த்ததில்லை. நிகழ்ச்சி ஒளிபரப்பானது. சுப்புத்தாய் கேட்டது முழுதாக வந்தது. மறுநாள் அது போன் போனாகப் பறந்தது. சரக்கு வாங்க வந்த வியாபாரிகள், "அந்த ரெண்டு வாசல் ரூம் எங்க இருக்கு?" என்று விசாரிக்க ஆரம்பித்தார்கள். ராக்கெட் முதலாளி சும்மா இருப்பாரா? தீபாவளிக்கு முன்னால் புதிதாக ஒரு விளம்பரம் வந்தது. மேகத்துக்குள்ளிருந்து ராக்கெட்டில் இறங்குகிறார். ஒரு அறையின் முன்வாசல் வழியாக நுழைந்து பின்வாசல் வழியாக வெளியே வந்து, கண்ணாடியைக் கழற்றி, 'ரெண்டு வாசல் பட்டாசு!' என்கிறார்.

பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எங்கள் கோரிக்கையை எடுத்து அவர் சரக்குக்குப் பேர் வைத்துவிட்டார். கண்டன நோட்டீஸ் அடித்தே தீருவது என்று சுப்புத்தாயிடம் வாசகம் சொன்னேன். 'தொழிலாளர் கோரிக்கையைத் திருடிய' என்று ஆரம்பித்து, மூச்சு விடாமல் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு அவள் சொன்னதைக் கேட்டதும் நோட்டீஸைக் கைவிட்டேன்.

"திருடிட்டுப் போட்டும் விடுங்க. டிவியில அந்த வாசல் வார வரைக்கும் எவனும் பொட்டி அடுக்க மாட்டான்ல?"

என் பங்கு

ஒளிபரப்பை நான் டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தேன். ஊரே கூடியிருந்தது. கொள்ளைக்காரர் முதல் இடத்திலும் வரவில்லை, இரண்டாவது இடத்திலும் வரவில்லை. குருதி, உறிஞ்சுதல், உல்லாசம் எதுவும் இல்லை. நான் மைக்கை நோக்கி நடக்கிறேன், அடுத்த நொடி இறங்கி வருகிறேன். நடுவில் இருந்த அத்தனையையும் நிவேதிதா வெட்டிவிட்டார். பிறகு ஒரே ஒரு இடத்தில் என் முகம் பெரிதாக வந்தது. சுப்புத்தாய் கேட்டு முடித்ததும் சிரிக்காத முதலாளிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, பாட்டிலைத் திறந்து மடமடவென்று தண்ணீர் குடிக்கிறேன். பாதி சட்டையில் வழிகிறது. அது பயத்தில் குடித்த தண்ணீர் என்று எனக்குத்தான் தெரியும். டீக்கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே என்னைப் பாராட்டினார்.

"நல்லாக் குடிச்சீக அண்ணாச்சி, நெசமாத் தாகம் எடுத்த மாதிரியே இருந்துச்சு."

நாற்பது வருடம் நான் வைததையெல்லாம் கும்பிட்டும் தொடை தட்டியும் கேட்டவர், சுப்புத்தாய் கேட்ட ஒரே கேள்விக்கு வாசலைத் திறந்துவிட்டார் என்பதால், இனி என் தொண்டைக்குப் போடுகிற பனங்கற்கண்டை அவள் வீட்டுக்கு அனுப்பிவைக்கலாம் என்று இருக்கிறேன்.